அரஷியாமாவில் ஒரு பகல்



கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் கடன், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று பாரமான விடயங்களையே எழுதி வந்தேன். "அக்கா, நீங்கள் யப்பானுக்குப் போய் வந்ததாக எங்கள் சங்கத்தில் சொன்னார்கள். அங்கே பார்த்த வடிவான இடம் ஒன்றைப் பற்றி எழுதுங்கோ. கொஞ்ச நேரம் எல்லாத்தையும் மறந்திருக்கலாம்" என்று முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். நியாயமான ஆசைதான். எனவே இம்மாதம் வடிவான ஓர் இடத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். ஆனால் எல்லாவற்றையும் மறந்திருக்கலாம் என்று மட்டும் என்னால் உறுதி தர முடியாது. எனக்கே அது முடியவில்லை.

தையல், கைப்பணிப் பயிற்சி ஒன்றுக்காகக் கியோட்டோ நகரில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அன்று டிசெம்பர் 8ஆம் திகதி. எங்களுக்கு உதவியாக இருந்த யப்பானிய அம்மா ஒருவர், "உங்களை அரஷியாமாவுக்குக் கூட்டிப் போகிறேன். நேற்று உங்கள் மெசின் ஊசி முறிந்ததே, அதை எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள்" என்றார். எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் சில வருடங்கள் கொழும்பில் இருந்தவராம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு என்பதால் எங்களுக்குள் கதைப்பது சுலபமாக இருந்தது. முறிந்த ஊசி எதற்கு என்று கேட்டேன். "பிறகு சொல்கிறேன்" என்றார். கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கியோட்டோ, 794ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் வருடங்களுக்கு மேலாக யப்பானியப் பேரரசர்கள் இருந்த நகரம். அதன் மேற்கு எல்லையில், மலையும் ஆறும் சந்திக்கும் இடம்தான் அரஷியாமா. கியோட்டோ நிலையத்திலிருந்து புகையிரதத்தில் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அரஷி என்றால் புயல், யாமா என்றால் மலை. பெயர்தான் புயல்மலையே தவிர, நாங்கள் போன காலையில் இலைகூட ஆடவில்லை. இளவேனிலில் செர்ரிப் பூவும் கார்த்திகையில் சிவந்த மேப்பிள் இலையும் பார்க்கச் சனம் அலைமோதும் இடம் இது. நாங்கள் போனபோது இலையெல்லாம் கொட்டி, கடைசிச் சிவப்பு மட்டும் மரங்களில் மிஞ்சியிருந்தது.

எல்லோரும் நிலையத்தில் இறங்கி மூங்கில் காட்டுக்கு நடக்க, அந்த அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றி மேலே கூட்டிப் போனார். "மேலிருந்து கீழே நடந்து வருவோம். உங்கள் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் அதுதான் நல்லது." இறங்கிய இடம் பழைய கிராமத் தெருப் போல இருந்தது. ஓலை வேய்ந்த கூரைகள், ஓட்டுக் கூரைகள், மர அளி வைத்த முன்வாசல்கள். 1979இலிருந்து அந்தத் தெருவை அப்படியே பாதுகாத்து வருகிறார்கள். அங்கேதான் அதாஷினோ நென்புட்சுஜி என்ற விகாரை இருக்கிறது.

உள்ளே போனதும் எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. முழங்கால் உயரம்கூட வராத கற்கள் வரிசை வரிசையாக நின்றன. நூறு, இருநூறு அல்ல, ஏறத்தாழ 8000. சிலவற்றில் புத்தரின் உருவம் தெரிந்தது. பலவற்றில் மழையும் பாசியும் முகத்தைத் தின்றுவிட்டன.

அந்த அம்மா விளக்கினார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்த மேட்டுநிலம், நகரத்தில் இறந்தவர்களைக் கொண்டுவந்து விட்ட இடம். ஏழைகளின் உடல்களைப் புதைக்காமல் எரிக்காமல் வெறுமனே விட்டுப் போவார்களாம். பின்னர் வந்தவர்கள் கல் நாட்டினார்கள். காலப்போக்கில் அந்தக் கற்களுக்குரிய குடும்பங்களும் இல்லாமற் போயின. கற்கள் சரிந்து பற்றைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போயின. 1903ஆம் ஆண்டளவில் அயலில் இருந்த மக்கள் அவற்றைத் தேடி எடுத்து, ஒன்றுசேர்த்து, இப்படி வரிசையாக நிறுத்தினார்கள். யாருடைய கல் எது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் மாதக் கடைசியில் மாலை நேரம் வந்து, ஒவ்வொரு கல்லுக்கும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். ஏற்றுபவருக்கும் அந்தக் கல்லுக்கும் எந்த உறவும் இல்லை.

பிறக்காமலே போன பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு சிறு சன்னிதி இருக்கிறது. இளம் பெண் ஒருத்தி அதன் முன்னால் கையைக் கூப்பியபடி வெகு நேரம் நின்றாள். நாங்கள் சற்று விலகிப் போய் நின்றோம்.

அப்போதுதான் அந்த அம்மா தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய தாய்மாமன் 1944இல் பர்மாப் போர்முனையில் இறந்ததாக அறிவித்தல் வந்ததாம். பின்னர் வெள்ளைத் துணி சுற்றிய மரப்பெட்டி ஒன்று வந்தது. எலும்பு இருக்கும் என்று பாட்டி திறந்து பார்த்தா. உள்ளே ஒரு கல் இருந்தது.

இது அந்த ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்கு வெளியேயும் தூரத் தீவுகளிலும் இறந்த யப்பானியர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். அவர்களில் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. உடல் கிடைக்காத பல குடும்பங்களுக்குக் கல்லோ மணலோ பெயர் எழுதிய தாளோதான் பெட்டியில் வந்தது. தேடிக் கொண்டுவருவது அரசாங்கத்தின் பொறுப்பு என்று சட்டம் இயற்றவே 2016ஆம் ஆண்டு ஆனது. போர் முடிந்து 71 வருடம். கியோட்டோ மாகாணத்தின் வடகரையில் மைசுரு என்ற துறைமுகம் இருக்கிறது. 1945 முதல் 1958 வரை, வெளிநாடுகளில் அகப்பட்டிருந்தவர்கள் கப்பலில் திரும்பி வந்த துறை அது. கப்பல் வரும் நாளெல்லாம் போய்க் காத்து நின்ற தாய்மாருக்கு "துறைமேடைத் தாய்மார்" என்றே அங்கு பெயர்.

"பாட்டி அந்தக் கல்லை என்ன செய்தா?" என்று கேட்டேன்.

"கல்லறையிலும் வைக்கவில்லை, எறியவும் இல்லை. பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தா. இது என் மகன் இல்லை, ஆனால் இதையும் யாரோ அனுப்பித்தானே இருக்கிறார்கள் என்று சொல்லுவா."

எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. 2009இல் காணாமற்போன என் தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று படிவத்தோடு வந்து சொன்னார்கள். உதவிப்பணம் கிடைக்கும், பதிவு வேலைகள் சுலபமாகும் என்றார்கள். அம்மா கையெழுத்து வைக்கவில்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று வேறொன்று வந்தது. அதையாவது எடுப்போம் என்று நான் சொன்னபோதும், "அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?" என்று மட்டும் கேட்டா. அந்த நேரத்தில் நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். சட்டம் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்கு. அந்தப் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்த பாட்டியை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் அப்படிச் சண்டை பிடித்திருக்க மாட்டேன்.

நாங்கள் கீழே நடந்தோம். பத்து நிமிட நடையில் கியோஜி. மூங்கிலும் மேப்பிளும் சூழ்ந்த பாசித் தரை, அதன் நடுவே ஓலைக்கூரை போட்ட சிறு குடில். எங்கள் ஊரில் பாசி என்றால் வழுக்கும் என்று சுரண்டி எறிவோம். இங்கே அதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்.

இந்தக் குடிலின் கதை 'ஹெய்கே கதை' என்ற பழைய நூலில் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தாய்ரா கியோமோரி என்ற பெருந்தலைவன் நாட்டையே ஆட்டிப் படைத்தான். அவனுடைய ஆதரவில் கியோ என்ற நடனப்பெண் இருந்தாள். ஒருநாள் ஹொத்தோக்கே என்ற இளம் நடனப்பெண் ஆட வந்தாள். அவளை விரட்டச் சொன்னான் கியோமோரி. பாவம், பிள்ளை வந்துவிட்டாள், ஒருமுறை பாருங்கள் என்று பரிந்து பேசியவள் கியோதான். பார்த்தான். அன்றோடு கியோவை வெளியே அனுப்பிவிட்டான். போதாததற்கு, அடுத்த வருடம் அவளைக் கூப்பிட்டு, ஹொத்தோக்கேக்குப் பொழுது போகவில்லை, அவள் முன்னால் வந்து ஆடு என்றான். அவமானம் தாங்காமல் கியோ உயிரை விடத் துணிந்தாள். தங்கையும் கூடவே சாகிறேன் என்றாள். தாய் தடுத்தாள். நீங்கள் இரண்டு பேரும் போனால் நான் மட்டும் இருந்து என்ன, என்னையும் கொன்ற பழி உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டாள். மூவரும் தலையை மழித்துக்கொண்டு இந்த மலையடிக்கு வந்தார்கள். கியோவுக்கு 21 வயது, தங்கைக்கு 19, தாய்க்கு 45.

ஓர் இலையுதிர்கால இரவில் யாரோ கதவைத் தட்டினார்கள். பயந்து பயந்து திறந்தால் ஹொத்தோக்கே நிற்கிறாள். வயது 17. முக்காட்டை விலக்கினால் தலை மழித்திருந்தது. இன்று உனக்கு நடந்தது நாளை எனக்கும் நடக்கும் என்று விளங்கி அவளாகவே வந்துவிட்டாள். கியோ அவளை உள்ளே விட்டாள். நால்வரும் கடைசிவரை ஒன்றாக இருந்தார்கள் என்கிறது கதை.

குடிலுக்குள் நால்வரின் மரச்சிலைகளும் இருக்கின்றன. கியோமோரிக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்ட அந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் மாதர் சங்கங்களில் ஒரு கடன் தவணைக்காக, ஒரு வீட்டுத்திட்டப் பட்டியலுக்காக எத்தனை கதவுகளை மூடிக்கொண்டு இருக்கிறோம்! என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். கியோமோரியின் குலம் 1185இல் கடற்போரில் அழிந்தது. அவனுடைய மாளிகை இருந்த இடத்தைத் தேடி இவ்வளவு சனம் போவதாகத் தெரியவில்லை. இந்தக் குடிலுக்கு இன்றும் வருகிறார்கள்.

அங்கிருந்து இறங்கினால் மூங்கில் காடு. படங்களில் பார்த்திருப்பீர்கள். சில நூறு மீற்றர் நீளமான பாதை, இருபுறமும் வானத்தை மூடும் மூங்கில்கள், பச்சை வெளிச்சம். படத்தில் காட்டாத விடயம் சனக்கூட்டம். ஆளை ஆள் இடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். 2018இல் நூறு வரையான மூங்கில்களில் ஆட்கள் பெயரைக் கீறி வைத்திருப்பது செய்தியானது. மூங்கில் மண்ணிலிருந்து வெளிவரும்போது என்ன பருமனோ கடைசிவரை அதே பருமன்தான். மற்ற மரங்களைப் போலப் பருத்துக் காயத்தை மூடாது. கீறினால் கீறினதுதான். உயரத்தை மட்டும் இரண்டு மூன்று மாதத்தில் எட்டிவிடும். ஒரே நாளில் ஒரு மீற்றருக்கு மேல் வளர்ந்ததற்கும் பதிவு இருக்கிறது.

காற்று கொஞ்சம் எழும்பியபோது சனங்களின் சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. தண்டோடு தண்டு முட்டும் சத்தமும் இலைகளின் சலசலப்பும். காப்பாற்ற வேண்டிய ஒலிகள் என்று 1996இல் யப்பானிய அரசு நூறு ஒலிகளைத் தேர்ந்தெடுத்தபோது கியோட்டோ மூங்கில் காட்டின் ஒலியையும் சேர்த்தது. நிலம் நடுங்கினால் மூங்கில் காட்டுக்குள் ஓடு என்று அங்கு முதியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். வேர்கள் நிலத்தடியில் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி மண்ணைப் பிடித்திருக்கும். எங்களுக்குப் பதுங்குகுழி போல அவர்களுக்கு மூங்கில் காடு.

காட்டுக்கு அடுத்தது தென்ரியூஜி என்ற பெரிய விகாரை. உலக மரபுரிமைப் பட்டியலில் 1994இல் சேர்ந்தது. அதன் குளமும் தோட்டமும் பதினான்காம் நூற்றாண்டில் முசோ சொசெக்கி என்ற துறவி அமைத்தவை. கட்டடங்கள் அப்படி இல்லை. எட்டுத் தடவை பெருந்தீயில் எரிந்திருக்கின்றன. கடைசித் தடவை 1864இல், உள்நாட்டுச் சண்டையில் தோற்ற படையினர் அங்கே தங்கியிருந்தார்கள் என்று எரித்தார்கள். இப்போது நாங்கள் பார்ப்பவை அதற்குப் பின் எழுப்பியவை.

இந்த விகாரை ஏன் வந்தது என்பதைக் கேட்டுத்தான் நான் குளக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். கோதைகோ என்ற பேரரசரை முதலில் ஆதரித்துப் பின்னர் எதிர்த்து, தலைநகரை விட்டே ஓடச் செய்தவன் அஷிகாகா தகாவுஜி என்ற தளபதி. அந்தப் பேரரசர் 1339இல் மலைநாட்டில் இறந்தார். இறந்த செய்தி வந்ததும், வென்ற தளபதி, தோற்ற பேரரசருக்காக இந்த விகாரையைக் கட்டத் தொடங்கினான். முசோ சொசெக்கிதான் அப்படிச் செய்யச் சொன்னவர். பணம் போதவில்லை. சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி, அதில் வந்த இலாபத்தைப் போட்டுக் கட்டி முடித்தார்கள்.

இறந்தவரின் ஆவி பழிவாங்கும் என்ற பயமும் இதில் உண்டு என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். இருக்கட்டுமே. பயத்தில் செய்தாலும், எதிரியாக இறந்தவருக்குப் பெயர் சொல்லி ஓர் இடம் கொடுத்தான் அல்லவா? குளத்தில் கெண்டை மீன்கள் நிழலுக்குள் மெதுவாகப் போய்வந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். நான் சும்மா இருந்தேன்.

மதியம் சோறும் வெந்நீரில் போட்ட சோயாக் கட்டியும் சாப்பிட்டோம். அந்தப் பகுதியின் பெயர்போன சாப்பாடாம். எனக்கு ஒரு பச்சை மிளகாய் கிடைத்தால் போதும் போல இருந்தது.

பிறகு ஆற்றங்கரை. தோகெட்சுக்கியோ என்ற பாலம் 155 மீற்றர் நீளம். நிலவு கடக்கும் பாலம் என்று பொருள். இப்போதிருப்பது 1934இல் கட்டியது. உள்ளே கொங்கிறீற், கைப்பிடிகள் மட்டும் மரம். ஒரே ஆற்றுக்கு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். பாலத்துக்கு மேல் ஹொசு, ஓய் என்பார்கள். பாலம் தாண்டினால் கட்சுரா. 1606இல் சுமினோக்குரா ரியோய் என்ற வணிகர் மேலேயுள்ள பள்ளத்தாக்கில் பாறைகளை உடைத்து வழி எடுத்தார். நெல்லும் மரமும் விறகும் படகில் நகரத்துக்கு வந்தன. இன்று அதே வழியில் உல்லாசப் பயணிகள் 16 கிலோமீற்றர் படகில் வருகிறார்கள். ஆறு எப்போதும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. 2013 செப்டெம்பர் சூறாவளியில் பாலத்தையே மேவிப் பாய்ந்து கடைகளுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் புகுந்தது.

பாலத்துக்கு அப்பால் படியேறினால் ஹொரின்ஜி. அங்கே வாசலில் பெண்கள் நிறையப் பேர். சிலர் கிமோனோ உடுத்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் சிறு பொட்டலம். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"ஊசியை எடுங்கள்" என்றார்.

அன்று ஊசிகளுக்கான நாள். வருடம் முழுதும் தைத்து முறிந்த, வளைந்த ஊசிகளைப் பெண்கள் அங்கே கொண்டுவருகிறார்கள். குப்பையில் எறிவதில்லை. கொன்யாக்கு என்ற மெத்தென்ற உணவுக் கட்டியில் குத்தி வைத்து, நன்றி சொல்லுகிறார்கள். கொன்யாக்கு, எங்கள் கருணைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கின் மாவில் செய்வது. காலமெல்லாம் முரட்டுத் துணியைக் குத்தி உழைத்த ஊசி, கடைசியில் மெத்தென்ற இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். பெரிய கட்டி ஒன்று மேசையில் இருந்தது. நிற நிறமாக நூல் கோத்த ஊசிகள் அதில் குத்தியிருந்தன.

சகோதரிகளே, முறிந்த ஊசிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. 2010இல் முகாமிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கிடைத்த முதல் சொத்து ஒரு கால்மிதி மெசின். பாடசாலைச் சீருடை தைத்துத்தான் அம்மாவுக்கு மருந்து வாங்கினேன். எத்தனை ஊசி முறிந்திருக்கும்! முறியும்போதெல்லாம் காசு போகிறதே என்று திட்டித்தான் இருக்கிறேன். அந்தக் கட்டி நான் நினைத்ததைவிட மெதுவாக இருந்தது. ஊசி தானாகவே உள்ளே போய்விட்டது.

திரும்பிப் பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. 13 வயதாகும் பிள்ளைகளை வசந்தகாலத்தில் ஹொரின்ஜிக்குக் கூட்டிவந்து அறிவு வேண்டி வணங்குவது கியோட்டோ வழக்கம். வணங்கிவிட்டுப் போகும்போது, பாலத்தைக் கடந்து முடியும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கிடைத்த அறிவு போய்விடுமாம்.

"என்னைப் பாட்டிதான் கூட்டிவந்தா" என்றார் அந்த அம்மா. "என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்து நட, நேரே பார்த்து நட என்று சொல்லிக்கொண்டே வந்தா. நான் பார்க்கவில்லை. பாலத்தின் நடுவில் பாட்டி நின்றுவிட்டா. எனக்குத் தெரியும், அவ திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றா."

"நாங்கள் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு 13 வயதா?" என்று சிரித்தார்.

இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மலையையும் ஆற்றையும் வந்த வழியையும் பார்த்தோம். புகையிரதத்துக்கு நேரமாகும்வரை பார்த்தோம்.